ஜப்பானில் குழந்தைகள் முகாம்: 26ஆம் தேதி கிறிஸ்துமஸ் கதையை எங்கிருந்து தொடங்க?

மணப்பாட்டுக்காரி, டிசம்பர் 8

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊரு மணப்பாடு. கல்யாணம் முடிஞ்சு தோக்கியோவுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, நிஷி கசாயில் இருக்கோம். ஊர்ல எட்டு வருஷம் ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுத்திருக்கேன். அதனால சின்னப் பிள்ளைங்க முன்னாடி நிக்க எனக்குப் பயம் கிடையாது. ஆனா இப்ப கையில் வந்திருக்கிற வேலை வேற மாதிரி.

எங்க மாடியில் குடியிருக்கிற ஜப்பான்காரப் பாட்டி ஒருத்தர் ஒரு சின்னப் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். நகானோ மலையில் அந்தச் சபைக்கு ஒரு பழைய மரவீடு இருக்கு. பள்ளிக்கூடக் குளிர்கால விடுமுறையில் வருஷா வருஷம் அங்க மூணு நாள் குழந்தைகள் முகாம் நடத்துறாங்க. இந்தத் தடவை டிசம்பர் 26ல் இருந்து 28 வரைக்கும். ஒண்ணாம் வகுப்பு முதல் அஞ்சாம் வகுப்பு வரை 24 பிள்ளைங்க. சபைக் குடும்பத்துப் பிள்ளைங்க அதுல நாலே பேர். மத்த இருபது பேரும் பனியில் விளையாடட்டும், இங்கிலீஷும் கொஞ்சம் காதுல விழட்டும்னு பெத்தவங்க அனுப்புற பிள்ளைங்க. காலையில் நாற்பது நிமிஷம் கதை நேரம். அதை நீ எடுன்னு பாட்டி சொல்லிட்டார். கத்தோலிக்கப் பொண்ணுன்னு தெரிஞ்சே கூப்பிட்டாங்க. அது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரச்சினை என்னன்னா, இந்த ஊர்ல 25 ராத்திரியோட கிறிஸ்துமஸ் காலி. கடையில் மரத்தை ராத்திரியே கழட்டி, விடிஞ்சா புத்தாண்டுக்கு மூங்கில் அலங்காரம் வச்சிருப்பாங்க. 25க்கு லீவும் கிடையாது. கிறிஸ்துமஸ்னா ஸ்ட்ராபெரி வச்ச வெள்ளை க்ரீம் கேக், கென்டக்கி சிக்கன் (1974ல் அவங்க நாடு முழுக்கப் பண்ணின விளம்பரத்துல பிடிச்ச வழக்கம்), ஜோடி ஜோடியா வெளிய போற ராத்திரி, காலையில் கண்ணு முழிச்சா தலைமாட்டுல சான்டா வச்சிட்டுப் போன பொட்டி. இதைக் குறையாச் சொல்லல. என் பையனுக்கு அந்தக் கேக்குன்னா உசிரு.

போன ஞாயிறு அந்தச் சபைக்குப் போய்ப் பிள்ளைங்ககிட்டப் பேசிப் பார்த்தேன். ஒருத்தன், "26ன்னா முடிஞ்சிருக்குமே, எதுக்கு அந்தக் கதை?"ன்னான். ஒரு சின்னது, இயேசு சான்டாவோட பிள்ளையான்னு கேட்டது. மூணாவது கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துது. கடவுளை ஜப்பானியத்துல "கமிசாமா"ன்னு நான் சொன்னதும் ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா, "எந்தக் கமிசாமா, சென்செய்?"ன்னு கேட்டாள் (சென்செய்னா டீச்சர்). மலைக்கு ஒரு கமி, அரிசிக்கு ஒரு கமின்னு வளர்ற பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. என் ஜப்பானிய மொழி மளிகைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும். இதுக்குப் போதாது.

எங்க ஊர்ல எனக்கு யாரும் கிறிஸ்துமஸைச் "சொல்லித் தரவே" இல்லை. பத்து நாள் முந்தியே அம்மா தட்டுல கேழ்வரகு விதைப்பாங்க, குடிலுக்குப் பச்சை வேணும்னு. கடற்கரை மணலைச் சுமந்து வருவோம். பனையோலையில் அப்பா கூரை முடைவார். குழந்தை இயேசு சொரூபத்தை மட்டும் நடுச்சாமத் திருப்பலி முடியற வரைக்கும் வைக்கக் கூடாது. அந்தக் காலி இடத்தையே பார்த்துப் பார்த்துத்தான் நான் எதையோ புரிஞ்சுகிட்டேன். இங்க மூணு நாள்ல, அதுவும் பண்டிகை முடிஞ்ச மறுநாள், எதைக் கையில் எடுக்கிறது? அடுத்த வீட்டுப் பிள்ளைங்க. எவ்வளவு தூரம் பேசலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


பாளை டூ ஒசாகா, டிசம்பர் 9

அக்கா, நான் பாளையங்கோட்டை. ஒசாகா பக்கம் வந்து 14 வருஷம். ஊர்ல விபிஎஸ்ல (லீவுல நடக்கிற வேதாகமப் பள்ளி) வளர்ந்து விபிஎஸ்லயே வாத்தியாரும் ஆனவன். இங்கயும் நாலஞ்சு முகாமுக்குப் போயிருக்கேன்.

26ஆம் தேதியை நினைச்சுக் கவலைப்படாதீங்க, அதைவிட நல்ல நாள் கிடைக்காது. சபை நாட்காட்டிப்படி 25லதான் பண்டிகை ஆரம்பம், ஜனவரி 6 வரைக்கும் ஓடுது. ஆனா பிள்ளைங்ககிட்ட நாட்காட்டிக் கணக்கு எதுக்கு? பிள்ளை பிறந்து ஒரு நாள் ஆச்சுன்னு சொல்லுங்க. நம்ம வீட்டுல பிள்ளை பிறந்த மறுநாள் எப்படி இருக்கும்? பெத்தவளுக்குக் காய மருந்து இடிக்கணும், வெந்நீர் வைக்கணும், குழந்தைக்குக் காத்துப் படாம ஜன்னலைச் சாத்தணும், பார்க்க வர்றவங்களுக்குக் காப்பி போடணும். வேலையே அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. கடைக்காரன் மரத்தை இறக்கிட்டுப் போயிடலாம். ஒரு நாள் பிள்ளையை யாரு இறக்கி வைக்க முடியும்? இங்கிருந்து தொடங்குங்க.

கதைக்குக் கமிஷிபாய்தான் சரி. மரச் சட்டத்துக்குள்ள அட்டைப் படங்களைச் செருகி ஒண்ணொண்ணா உருவிக் காட்டுற தெருக்கதை முறை, பார்த்திருப்பீங்க. 1930களில் இமாய் யோனேங்கிற கிறிஸ்தவ அம்மா, பிள்ளைங்க தெருக் கமிஷிபாய்க்காரர் பின்னாடி ஓடுறதைப் பார்த்து, வேதாகமக் கதைகளை அதே முறையில் அச்சுப் போட்டு எடுத்துட்டுப் போனாங்க. அதனால இங்க இது புதுசும் இல்லை.

அட்டை நீங்களே வரையறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. ஒவ்வொரு படத்துக்கும் உரிய வசனத்தை அதே அட்டையின் பின்னால எழுதிடாதீங்க. முன்னால நிக்கிற அட்டையோட முதுகு உங்களுக்குத் தெரியாது, கடைசி அட்டையோட முதுகுதான் தெரியும். 12 அட்டைன்னா, முதல் படத்துக்கான வசனம் 12ஆவது அட்டை முதுகுல. முதல் அட்டையை உருவிப் பின்னால செருகினதும் அதோட முதுகு உங்களைப் பார்க்கும், அதுல ரெண்டாவது படத்து வசனம். இப்படியே போகணும். உருவுறதுலயும் வித்தை இருக்கு. பாதி உருவி நிறுத்துங்க. சத்திரக்காரன் கதவு பாதி திறந்து நிக்கட்டும். பிள்ளைங்க மூச்சை அடக்கிட்டு இருக்கும்.

மேய்ப்பர்கள் வர்ற இடத்துல எல்லாரும் ஆட்டைக் காட்டிட்டுப் போயிடுவாங்க. லூக்கா சொல்றது, "இராத்திரியிலே" மந்தையைக் காத்துக்கிட்டு இருந்தவங்க. ராத்திரி வேலைக்காரங்க, அக்கா. ஊரே தூங்கும்போது முழிச்சிருந்தவங்களுக்குத்தான் முதல்ல சேதி வந்துது. இங்க ராத்திரி யார் யார் முழிச்சிருக்காங்கன்னு பிள்ளைங்களையே கேளுங்க. அவங்க சொல்லித் தருவாங்க உங்களுக்கு.

சான்டாவைத் தொடாதீங்க. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட அவர் இல்லைன்னு சொல்ற உரிமை அதோட அப்பா அம்மாவுக்குத்தான்.

இன்னொண்ணு, நகானோங்கிறதால சொல்றேன். விண்ணப்பத்துல சோபா (அந்தப் பக்கம் நூடுல்ஸுக்குப் பேர் போன தானியம்) அலர்ஜி உள்ள பிள்ளை யாராவது இருக்கான்னு பாருங்க. சாப்பாட்டை எல்லாரும் பார்ப்பாங்க. பழைய வீட்டுத் தலையணைக்குள்ள சோபா உமி அடைச்சிருக்கும், அதைப் பார்க்க மறந்துடுவாங்க.


ரெண்டு பிள்ளை அம்மா, டிசம்பர் 9

நான் கிறிஸ்தவர் இல்லை. மயிலாடுதுறை, இப்போது யோக்கஹாமா. நீங்கள் "எவ்வளவு தூரம்" என்று கேட்டதால் எழுதுகிறேன் சகோதரி. அதைக் கேட்கிறவர்கள் குறைவு.

சில வருஷங்களுக்கு முன் என் மூத்த மகளை இந்த மாதிரி ஒரு முகாமுக்கு அனுப்பினோம். எது என்று சொல்ல விரும்பவில்லை. குழந்தைக்கு அப்போது ஏழு வயது. அந்த வருஷம்தான் என் மாமியார் தவறிப்போனார். முகாமிலிருந்து வந்த ராத்திரி தூங்காமல் படுத்திருந்தாள். என்னடா என்று கேட்டால், "பாட்டி இயேசுவைக் கும்பிடலையே, அப்ப நெருப்புலயா இருக்காங்க?" என்றாள். சொன்னவர் கெட்டவராக இருக்க மாட்டார், தெரியும். ஆனால் என் பிள்ளை பாட்டி படத்துக்குப் பூ வைக்கவே பயந்து ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை.

2022 டிசம்பரில் ஜப்பானின் சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் இதைப் பற்றி ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. நரகத்துக்குப் போவாய் என்பது போலப் பயமுறுத்திக் குழந்தையை மத நடவடிக்கையில் ஈடுபடுத்துவது மனரீதியான வன்முறை என்று அதில் இருக்கிறது. நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். உங்களோடு வருகிற மற்ற பெரியவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மூன்று நாளும் என்ன கதை, ஜெபம் உண்டா, பிள்ளை கண்ணை மூட வேண்டுமா வேண்டாமா என்று பெற்றவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஒளிக்காமல் சொன்னால் நாங்கள் அனுப்புவோம். நான் இளையவனை அனுப்பியிருக்கிறேன், வேறு ஒரு சபைக்கு. அங்கே கதை சொன்ன பெரியவர் "இது எங்கள் கதை, உங்களுக்குச் சொல்ல ஆசை" என்று ஆரம்பித்தாராம். அவன் இன்றும் நவராத்திரிக் கொலுவில் ஒரு படியில் மாட்டுத் தொழுவமும் குழந்தையும் வைக்கிறான். கொலு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.


மணப்பாட்டுக்காரி, டிசம்பர் 10

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. யோக்கஹாமா அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பாட்டிகிட்டச் சொல்லி அந்தத் தாளை இன்னைக்கே எழுத ஆரம்பிச்சிட்டோம். கண்ணை மூட வேண்டாம், கூட உக்காந்திருந்தாலே போதும்னு முதல் வரி. பாளைத் தம்பி, 12 அட்டை வாங்கியாச்சு. "எந்தக் கமிசாமா?" மட்டும் இன்னும் அப்படியே நிக்குது.


ஓய்வு பெற்ற வாத்தியார், தூத்துக்குடி, டிசம்பர் 12

மகளே, மணப்பாட்டுப் பிள்ளை ஜப்பானில் ஞானபாடம் சொல்லப் போகிறாள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வழியில் உனக்கு முன் ஒருவர் நடந்திருக்கிறார். சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததைப் போய் வீட்டில் சொல்லுங்கள் என்று பிள்ளைகளையே வாத்தியாராக்கினார். அதே மனிதர்தான் 1549 ஆகஸ்ட் 15இல் ககோஷிமாவில் இறங்கினார்.

உன் கவலைக்கு அவருடைய தவறுகள்தான் உதவும். இங்கே விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் மனப்பாடம் செய்தபோது "நம்புகிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1544இல் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், "வேணும்" என்றால் விருப்பம், அதை எடுத்துவிட்டு விசுவாசத்துக்கு உரிய சொல்லைப் போடு என்று திருத்துகிறார். ஜப்பானில் அதைவிடப் பெரிய சிக்கல். அஞ்சிரோ என்ற ஜப்பானியர் செய்த மொழிபெயர்ப்பை நம்பிக் கடவுளைத் "தைனிச்சி" என்று சொல்லி வந்தார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் "தேயுஸ்" என்று கடவுளுக்கான லத்தீன் சொல்லையே சொல்ல ஆரம்பித்தார். அவர் அங்கிருந்து புறப்பட்ட மறு வருஷம், 1552இல், யமாகுச்சியில் அவருடைய தோழர்கள் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி நடத்தினார்கள். ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸ் எங்களுடையது என்று அந்த ஊர் இன்றும் சொல்லிக்கொள்கிறது.

ஆகவே எந்தக் கடவுள் என்று பிள்ளை கேட்டால் அகராதியில் தேடாதே. "வேணும்" என்று அவளிடம் கேட்காதே. "நான் நம்புகிறேன்" என்று உன்னைப் பற்றிச் சொல்.

ஒரு வேண்டுகோள். குடில் வைத்துவிடு. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்தியபோது அவருக்கும் இதே எண்ணம்தான். அந்தக் குழந்தைக்கு என்னென்ன இல்லாமல் போனது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.


மணப்பாட்டுக்காரி, ஜனவரி 3

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. போயிட்டு வந்தாச்சு. நடந்ததை எழுதுறேன்.

முதல் நாள் காலையில் நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே ஒரு மூணாம் வகுப்புப் பையன், "கிறிஸ்துமஸ் நேத்தோட முடிஞ்சு போச்சு"ன்னான். ஆமா, குழந்தை நேத்து பிறந்தாச்சு, இன்னைக்கு அதுக்கு ஒரு நாள் வயசுன்னு சொன்னேன். அறை அப்படியே அமைதியாச்சு. தம்பி பிறந்து ரெண்டு மாசம் ஆன ஒரு பொண்ணு இருந்தாள். ஒரு நாள் பிள்ளைக்குக் கழுத்து நிக்காது, தலையைத் தாங்கித்தான் தூக்கணும்னு எல்லாருக்கும் கையை வச்சுக் காட்டினாள். அன்னைக்குப் பாதிப் பாடத்தை எடுத்தது அவள்தான்.

கமிஷிபாய் நல்லா வந்துது. சத்திரக் கதவைப் பாதியில் நிறுத்தினேன், பாளைத் தம்பி. உடனே ஒருத்தன், "முன்னாடியே ரூம் பதிவு பண்ணலையா?"ன்னான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஊர் பூரா கூட்டம், நடந்து வந்ததால நேரமாயிருச்சுன்னு சொன்னேன். புத்தாண்டுக்கு அவங்க தாத்தா ஊருக்குப் போற புல்லட் ரயில்ல கூட இப்படித்தான் நின்னுக்கிட்டே போவாங்களாம். அவனுக்குப் புரிஞ்சுது.

குடிலுக்கு வைக்கோல் எங்க கிடைக்கும்னு தவிச்சேன். முகாம் வீட்டைப் பார்த்துக்கிற தாத்தா திண்ணையில் உக்காந்து புத்தாண்டுக்கு வாசல்ல கட்டுற ஷிமேநாவாங்கிற வைக்கோல் கயிறு முறுக்கிட்டு இருந்தார். 28க்குள்ள கட்டிடணும், 29ல கட்டக் கூடாதாம். எதுக்குன்னு சொல்லிக் கேட்டேன். மிச்ச வைக்கோலை எடுத்துக்கோன்னு ஒரு கட்டு கொடுத்தார். வீட்டுல தட்டுல விதைச்சுக் கொண்டுபோன வெந்தயம் விரல் உசரம் முளைச்சிருந்தது, அதையும் வச்சோம். மரத் தொட்டி சபையில் இருந்துது. துணிப் பொம்மையைப் படுக்க வைக்கும்போது ஒரு சின்னப் பொண்ணு வைக்கோலில் தன் கன்னத்தை வச்சுப் பார்த்துட்டு, குத்துதுன்னாள். வெளிய பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. கோதாட்சுக்குள்ள (அடியில் சூடு வச்சு மேல மெத்தை போர்த்தின தாழ்வான மேசை) படுக்க வைக்கலாமேன்னாங்க. கோதாட்சு இல்லையேன்னேன். காலையில் பண்டிகை முடிஞ்சு போச்சுன்னானே, அந்தப் பையன் ஜாக்கெட் பையில் இருந்து ஒரு கைரோவை எடுத்துக் கிழிச்சான். பனியில் கை சூட்டுக்கு வச்சுக்கிற இரும்புத்தூள் பொட்டலம். நல்லாக் குலுக்கி, தன் உள்ளங்கையில் வச்சு ரொம்பச் சூடா இல்லையேன்னு பார்த்து, வைக்கோலுக்கு அடியில் தள்ளி விட்டான். யாரும் அவன்கிட்ட எதுவும் சொல்லல.

ரெண்டாம் நாள் விடியக்காலம் நாலு மணிக்கு ரோட்டுல பனி அள்ளுற வண்டிச் சத்தம். பாதிப் பிள்ளைங்க முழிச்சிட்டாங்க. அன்னைக்குக் கதை இடையர்கள்தான். ராத்திரி யார் முழிச்சிருப்பாங்கன்னு கேட்டதும் பதில் தயாரா இருந்துது. அப்புறம் லாரி ஓட்டுற அப்பா, ஆஸ்பத்திரியில் நர்ஸா இருக்கிற அம்மா, 24 மணி நேரக் கடையில் நிக்கிற அண்ணன். எங்க ஊர்ல சாமத்துல வள்ளத்தை இறக்கிட்டுக் கடலுக்குப் போறவங்களைச் சொன்னேன். அப்படின்னா தேவதூதர் கடலுக்கு மேலயும் வருவாரான்னு கேட்டாங்க. எங்க அப்பாவுக்கு இதைப் போன்ல சொன்னேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. குடில்ல ஆட்டுக்குப் பக்கத்துல இப்ப ஒரு மஞ்சள் அட்டைப் பனிவண்டி நிக்குது.

கடைசி நாள், வாத்தியார் ஐயா, அந்தக் கேள்வி வந்துது. வேற பிள்ளை, அதே கேள்வி. நான் நம்புற கமிசாமா குழந்தையா வந்தவர்னு நான் நம்புறேன், என் அம்மாவும் நம்பினாங்க, உங்களுக்கு என் கதையைச் சொல்லணும்னு ஆசைப்பட்டுத்தான் வந்தேன்னு தெரிஞ்ச ஜப்பானியத்துல சொன்னேன். "அப்படியா"ன்னு தலையாட்டிட்டு மிகான் ஆரஞ்சு ஒண்ணை உரிச்சு எனக்குப் பாதி கொடுத்தது.

பஸ் வந்து நின்னுது. செருப்பு மாத்துற இடத்துல ஒரே கூட்டம். அந்தக் கைரோ பையனை மட்டும் காணோம். உள்ள போய்ப் பார்த்தா குடில் முன்னாடி மண்டி போட்டு, கல்லு மாதிரி இறுகிப் போன பழைய பொட்டலத்தை எடுத்துட்டுப் புதுசு வச்சிட்டு இருக்கான். முதல் நாள் வச்சதுல இருந்து அவன்தான் மாத்தியிருக்கான், எனக்குத் தெரியல. நாளைக்கு யார் மாத்துவாங்கன்னு என்னைக் கேட்டான். நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள வைக்கோல் கொடுத்த தாத்தா பின்னாடி இருந்து கையை நீட்டினார். பையில் மிச்சம் இருந்த மூணு பொட்டலத்தையும் எண்ணி அவர் கையில் வச்சிட்டு, பையன் பஸ்ஸுக்கு ஓடினான்.